பூசணிக்காயும் முதல் கம்பியும்

ஏழுமலை இரு கைகளாலும் பூசணிக்காயை ஏந்தி என் முன் நீட்டினார். அதன் தலைப்பக்கத்தைச் சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் இட்டு, வெட்டிய துண்டையே மூடியாகப் பொருத்தியிருந்தார்கள். மூடியின் மேல் கற்பூரம் இன்னும் ஏற்றப்படாமல் இருந்தது. காயின் பக்கவாட்டில் குங்குமச் சாறு கசிந்து அவருடைய முழங்கை வரை சிவப்பாக இறங்கியிருந்தது.

"வாங்க சார். நல்ல நேரம் போய்க்கினே கீது," என்றார்.

என் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன. அவற்றை முன்னால் கொண்டுவந்தால் காய் என் கைக்கு வந்துவிடும் என்று அஞ்சினேன்.

எதிரே மில் தொழிலாளர் அனைவரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய நீறு பூசி நின்றார்கள். மோட்டாருக்கு மாவிலைத் தோரணம். ரோல்களுக்குச் சந்தனப் பொட்டு. எரிந்த கிரீஸ் வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து தொண்டையில் நின்றன. அவர்களுக்குப் பின்னால் உலை உறுமிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியின் தொழிற்பேட்டையில் முட்செடிகளை வெட்டி வெட்டிக் கொட்டகைகள் எழும்பிய காலம். அங்கே ஓர் இரும்புக் கம்பி மில்லில் நான் ஷிப்ட் பொறுப்பாளனாக இருந்தேன். மில்லின் பெயரை எழுதப்போவதில்லை. உரிமையாளரின் பிள்ளைகள் இன்றும் என்னைக் கண்டால் மரியாதையாக வணங்குகிறார்கள். அந்த மரியாதைக்கு நானும் கட்டுப்பட்டவன்.

நாயுடு விட்டுச் சென்ற வேலை

அதுவரை ஆண்டுதோறும் பூசணிக்காய் உடைத்தவர் எங்கள் மூத்த ஃபோர்மன் நாயுடு. தடா பக்கத்துக்காரர். ஆயுதபூஜை அன்று அவர் பின்னால் மணியடித்துக்கொண்டு ஒரு கூட்டமே செல்லும். நான் ஓரமாக, மரியாதைக் குறைவு ஏதுமின்றி, நின்றுகொண்டிருப்பேன். என்னைக் கிறிஸ்தவன் என்று எல்லோரும் அறிவார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் நாயுடு ஓய்வு பெற்று ஊர் சென்றார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. நாற்காலியோடு பூசணிக்காயும் வரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

கம்பி மில்லைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். உலையில் வெந்து சிவந்த இரும்புக் கட்டையை ரோல்கள் எனும் இரு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். மறுபக்கம் அது நீண்டு, மெலிந்து, சீறிக்கொண்டு வெளிவரும். அங்கே நிற்பவர் அதன் நுனியை இடுக்கியால் பிடித்து, உடம்பையே ஒரு சுழற்றுச் சுழற்றி, அடுத்த உருளைக்குள் திணிக்க வேண்டும். கண் இமைக்கும் பொழுது தவறினால் கம்பி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல இயலாது. எங்கள் மில்லில் முதல் கம்பி பிடிப்பவர் ஏழுமலை.

ஆயுதபூஜை அன்று வேலை இல்லை. ஆனால் உலையை அணைக்கமாட்டார்கள். பொறுப்பில் இருப்பவர் பூசணிக்காயை ரோல்களுக்கு முன் மும்முறை சுற்றி, வாசலில் போட்டு உடைப்பார். உடனே ஒரே ஒரு கம்பியை மட்டும் ஓட்டுவார்கள். பூஜைக் கம்பி என்று அதற்குப் பெயர். அது சிக்கலின்றி ஓடி முடிந்தால் அடுத்த ஆயுதபூஜை வரை எவர் மேலும் கம்பி பாயாது என்பது நம்பிக்கை. அதன் பிறகே பொரியும் கடலையும் விடுமுறையும்.

அந்த ஆண்டு மழைக்கு முன்னதாக ஒரு கம்பி பாய்ந்திருந்தது. ஏழுமலைக்கு அடுத்த இடத்தில் நின்ற இளைஞரின் தொடையை அது கிழித்துப் பொசுக்கியது. பூஜை நாளில் அவர் இன்னும் சென்னையில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். "நாயுடு போனாரு, பேஜாரு வந்துச்சு" என்று கேன்டீனில் ஒரு பேச்சு உலவியது. என் காதில் விழட்டும் என்றே அதைச் சற்று உரக்கச் சொன்னார்கள்.

பூஜைக்கு முதல் நாள் மேனேஜர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"மிஸ்டர் ஜீவரத்தினம், நாளைக்கு நீங்கதான் உடைக்கணும். பசங்க பயந்து போயிருக்காங்க."

"சார், என் விசுவாசம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும். காய்தானே? வீட்டுல கத்தரிக்கா நறுக்கறதில்லையா? காய்கறியா நெனச்சு உடைச்சிடுங்க."

பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பின்புறம் எழும்பிக்கொண்டிருந்த புதிய மில்லைப் பற்றிப் பேசினார். அதற்கு ஒரு தலைமைப் பொறுப்பாளர் வேண்டும். தொழிலாளர் நம்பிக்கையைப் பெற்றவராக இருக்க வேண்டும். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பழவேற்காட்டில் ஒரு மாலை

இந்த இடத்தில் என் தந்தையாரைப் பற்றிச் சொல்லாமல் நகர இயலவில்லை.

திருவள்ளூரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அவர். அறுபதுகளின் தொடக்கத்தில், விடுமுறை நாட்களில், பெட்டியும் ஆர்மோனியமுமாகக் கடலோரக் குப்பங்களுக்குச் சென்று தெருப்பிரசங்கம் செய்வார். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த என்னை ஒருமுறை பழவேற்காட்டுப் பக்கம் உடன் அழைத்துச் சென்றார்.

பொழுது சாயும் வேளை. ஏரியிலிருந்து உப்புக் காற்று. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தந்தையார் தூய தமிழில், தெளிவான குரலில் பேசினார். மீனவப் பெருமக்கள் அசையாமல் அமர்ந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"நல்ல சாமியா கீறாரு நைனா. படம் ஒண்ணு குடு. எல்லம்மா பக்கத்துல மாட்டிக்கறோம்."

"பக்கத்தில் அல்ல ஐயா. அவர் ஒருவரே தெய்வம். மற்றவற்றை விட்டுவிட வேண்டும்."

பெரியவர் சற்று யோசித்தார். "வுட்டுட்டா, அந்தம்மா எங்க போவும்? இத்தினி நாளு கூட இருந்த பொம்பள நைனா அது."

தந்தையார் மறுமொழி ஏதோ சொன்னார். அது அவருக்கே நிறைவளிக்கவில்லை என்பதை முகத்தில் கண்டேன். புறப்படும்போது பனையோலையில் சுற்றி மடவை மீன் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

 திரும்பும் பேருந்தில் தந்தையார் சொன்னார்: "அவர்கள் 'ஆம்' என்று சொல்வதில் நமக்குத் தடையே இல்லை. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்பார்கள். ஒன்றே ஒன்றுக்கு 'இல்லை' என்று சொல்ல வைப்பதுதான் கடினம்."

அன்று நான் இளைஞன். அது மீனவர்களைப் பற்றிய பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூரைக் கோயிலில் பார்த்த முகம்

கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு குடியிருப்பு. நிலத்தில் கூலி வேலை செய்துவந்த குடும்பங்கள். அப்போதுதான் தொழிற்சாலைப் பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தன. பாதி வீடுகள் இந்து, பாதி வீடுகள் கிறிஸ்தவம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு பக்கமும் உண்டு. அங்கே கீற்று வேய்ந்த ஒரு சிறு ஆலயத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு எங்கள் சபையார் பிரசங்கம் செய்ய என்னை அனுப்புவார்கள்.

முதன்முறை சென்றபோது முன் வரிசைப் பாயில் ஒரு முகத்தைக் கண்டு திடுக்கிட்டேன். எங்கள் உலைக் கதவின் சங்கிலியை இழுக்கும் முனுசாமி. மில்லில் நெற்றியில் நீறோடு திரிபவர். இங்கே அவருடைய பெயர் மோசே. கண்ணை மூடிக்கொண்டு, குரல் உடைய, பாடிக்கொண்டிருந்தார்.

நான் விசாரித்ததில், ஆலயத்தைக் கவனித்துவந்த உபதேசியார் தணிந்த குரலில் காரணம் சொன்னார். முனுசாமியின் மகன் தாழ்த்தப்பட்டோருக்கான அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். சான்றிதழில் இந்து என்றிருப்பதால் கிடைத்த இடம் அது. தகப்பன் கிறிஸ்தவன் என்று வெளியே தெரிந்தால் இடமும் போகும், படிப்பும் போகும்.

மறுநாள் மில்லில் நாங்கள் சந்தித்தபோது அவர் வழக்கம்போல் "வணக்கம் சார்" என்றார். நானும் வழக்கம்போல் தலையசைத்தேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருடைய ரகசியத்தைக் காப்பது என் கடமை என்று கருதினேன். ஆனால் அன்று முதல், மில்லில் நான் செய்யும் ஒவ்வொன்றையும் உலைக் கதவருகிலிருந்து இரு கண்கள் கவனிக்கின்றன என்ற உணர்வு என்னை விட்டு அகலவில்லை.

காலை உணவும் பேருந்தும்

பூஜை நாள் காலையில், திருவள்ளூரை ஒட்டி நாங்கள் குடியிருந்த மணவாள நகர் முழுவதும் வாழைக்கன்றும் சந்தனமுமாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இட்லி. 

எங்கள் பிள்ளைகள் நவராத்திரி நாட்களில் அடுத்த வீட்டுச் சுண்டலை வாங்கக்கூடாது என்பது நான் வகுத்த விதி. படைத்ததை உண்பதில்லை. அடுத்த வீட்டம்மாள் நல்லவர். ஆண்டுதோறும் கொண்டுவந்து, ஆண்டுதோறும் திருப்பி எடுத்துச் செல்வார்.

என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க உடைச்சாலும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சபையில யாருக்கும் தெரியப் போறதில்ல."

நான் எழுந்து கை கழுவினேன்.

"ஆனா அங்க உடைச்சிட்டு, சாயங்காலம் வந்து பிள்ளைங்க சுண்டலைத் தட்டி விடாதீங்க. ஆசையா பார்க்குதுங்க பாவம்."

அவள் கடுமையாகப் பேசவில்லை. கடுமையாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெரியபாளையம் வழியாகச் செல்லும் பேருந்தின் முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது பயணிகள் அனைவரும் ஒரு கணம் அமைதியானார்கள். நானும் அமைதியானேன். நடத்துநர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்தேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

ஒரு கையசைப்போடு முடிந்துவிடும் மறுப்பு அது. அவருக்கும் எனக்கும் நட்டமில்லை. வழியெல்லாம் நான் எண்ணியது, மில்லில் இப்படி முடியாதே என்பதைத்தான். நான் உடைத்தால் என் ஆண்டவரை மறுதலித்தவன். அதையும் முனுசாமியின் கண்ணெதிரே செய்தவன். உடைக்காவிட்டால், அச்சத்தில் இருக்கும் மனிதர்களைக் கைவிட்டவன். பதவியை நான் கருதவில்லை என்று எழுதினால் அது மெய்யன்று. அதையும் கருதினேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க"

ஆக, ஏழுமலை நீட்டிய பூசணிக்காய் எனக்கு முன்னால் இருந்தது.

"என்னால முடியாது ஏழுமலை," என்றேன். "நீ உடை. நான் தடுக்கமாட்டேன். ஆனா என் கையால முடியாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "சாருக்குக் காயி கனமா கீது போல," என்று ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

"நான் ஒடைக்கலாம் சார். எனக்கு இன்னா கஷ்டம்? ஆனா பொறுப்புல கீறவரு ஒடைச்சாத்தான் அது சேரும். நீங்க கை வைக்காத கம்பிய நான் இன்னா தைரியத்துல புடிக்கிறது? ஊட்டுல அது மாசமா கீது சார். ஆஸ்பத்திரில கெடக்கறவன் ஆத்தாகாரி டெய்லி என் ஊட்டாண்ட வந்து அழுவுது."

மேனேஜர் மாலையும் கையுமாக அலுவலக வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை காயைத் தோளருகே சற்று ஏற்றிப் பிடித்தார். கை வலித்திருக்க வேண்டும். திடீரென்று குரல் தணிந்தது.

"சரி வுடுங்க. ஒங்க சாமியத்தான் கும்புடுங்க. இங்கியே, எல்லாருக்கும் கேக்கறா மாரி கும்புட்டுட்டு, ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். நான் புடிக்கிறேன்."

வாசகர்கள் என் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். என் தந்தையார் ஆர்மோனியம் சுமந்து ஊர் ஊராகச் சென்று தட்டிய கதவு அது. இங்கே தானாகத் திறந்து நின்றது. கூட்டம் முழுவதும் என் ஆண்டவரின் பெயரைக் கேட்க ஆயத்தமாக நின்றது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

கம்பி ஒழுங்காக ஓடினால் அவர் பெரியவர் என்பார்கள். பாய்ந்தால் என்ன என்பார்கள்? எப்படியானாலும், அந்த வாக்கியத்தைச் சொன்ன மாத்திரத்தில் அவரை நான் இன்னொரு பூசணிக்காயாக ஆக்கியவன் ஆவேன்.

"ஜெபம் பண்றேன்," என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப அவுரு இன்னாத்துக்கு சார்?"

"ஞாயித்துக்கெழம லீவு குடுக்கத்தான்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இம்முறை எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன ஆனாலும் கூட இருப்பார், ஏழுமலை."

"கூட நின்னு? இடுக்கி புடிப்பாரா?"

  வாய் தானாகச் சொன்னது: "நான் நிக்கிறேன். கம்பி வரும்போது உன் பக்கத்துல நான் நிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. பொறுப்பாளர்கள் நிற்கும் இடம் ஒதுக்குப்புறமாக, தடுப்புக்குப் பின்னால். கம்பி பிடிப்பவர் நிற்கும் இரும்புத் தட்டின் மேல், உலை எரியும்போது, நாயுடு கூட ஏறியதில்லை.

"நிக்கிறது ஒங்க இஷ்டம்," என்றார் ஏழுமலை, சற்றுத் தடுமாறி. "ஆனா காய யாராச்சும் ஒடைக்கணும் இல்ல?" கண்கள் கூட்டத்தைத் துழாவின. "மாமா! இங்க நீதான் பெரியவன். இந்தா, நீ புடி."

முனுசாமியின் கைகளில் பூசணிக்காய் அமர்ந்தது.

 என் மறுப்பு இவரிடம் போய் நிற்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. எனக்குப் பட்டம் இருந்தது. வேறு வேலை கிடைக்கும். இவருக்கு இந்தச் சங்கிலியும், விடுதியில் இருந்த மகனுமே எல்லாம்.

"அவரை விடு ஏழுமலை, நீயே உடை," என்றேன் அவசரமாக.

முனுசாமி என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு காயைக் கீழே, சாக்கின் மேல், குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல வைத்தார்.

"எனக்கும் வாணாம்டா."

"ஒனக்கு இன்னா வந்துச்சு? போன வருசம் நாயுடு பின்னாலியே மணி அடிச்சினு போன?"

"போனேன். இந்த வருசம் வாணாம்."

"இன்னாத்துக்கு?"

"சாரு சாமிதான் என் சாமியும்."

 ஏழுமலை அவரை நெருங்கி, மேனேஜருக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அத எனக்கு சொல்றியா? ஊருக்கே தெரியும் மாமா. இங்க ஏன் கத்தற? புள்ள படிக்கறான் இல்ல?"

நான் இத்தனை நாளும் பொத்திப் பாதுகாத்த ரகசியம் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரும்புத் தட்டின் மேல்

ஏழுமலை தாமே கற்பூரம் ஏற்றினார். தாமே மும்முறை சுற்றினார். வாசலில் காய் சிதறிய ஓசை எனக்கு இங்கே கேட்டது. திரும்பி வந்தவர் முழங்கால் முதல் பாதம் வரை நனைந்த சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இடுக்கியை எடுத்தார்.

நான் தட்டின் மேல் ஏறினேன்.

"யோவ் சார்! டெரிலின் பேண்ட்டா போட்டுனு கீறீங்க?" என்று அலறினார். "பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும் சார்! மாமா, சாக்கு எடுத்தா!"

பூஜைக்கு மேலிடத்தார் வருவார்கள் என்று நான் நல்ல கால்சட்டை அணிந்து வந்திருந்தேன். முனுசாமி ஓடிவந்து, குனிந்து, என் கால்களில் ஈரச் சாக்கைச் சுற்றினார். முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தார்.  

"நீ போய்க் கதவைத் தொற மாமா," என்றார் ஏழுமலை.

சங்கிலி கிரீச்சிட்டது. உலை வாய் திறந்தது. முகத்தில் வெக்கை அறைந்தது. ஜெபம் பண்ணுவதாகச் சொல்லியிருந்தேன். சிறு வயது முதல் மனப்பாடமாக அறிந்த ஜெபங்கள் எத்தனையோ உண்டு. ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டை ரோலுக்குள் நுழைந்தது. கம்பி சீறிக்கொண்டு வந்தது. ஏழுமலையின் இடுக்கி அதன் நுனியைத் தொட்டு வழுக்கியது. பொறி தெறித்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். நான் அசையவில்லை, அது துணிவன்று, கால்கள் எனக்குக் கட்டுப்படவில்லை. இடுக்கி மறுபடியும் பாய்ந்து கவ்வியது. ஏழுமலையின் உடம்பு சுழன்றது. கம்பி அடுத்த உருளைக்குள் புகுந்து, தரையில் வளைந்து நெளிந்து, மறுமுனையில் படுத்தது.

விசில் பறந்தது. பொரி மூட்டை அவிழ்ந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே சென்றார்.

ஏழுமலை ஒரு மூலைக்குப் போய் பீடியைப் பற்றவைக்க முயன்றார். குச்சி மூன்று நான்கு முறை அணைந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

புதிய மில்லின் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அவர் தகுதியற்றவர் அல்லர். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் வாசகர்கள் நம்பப்போவதில்லை. அதைவிட என்னை அரித்தது வேறு. முனுசாமி சொன்னதை மேனேஜர் கேட்டாரா? கேட்டிருந்தால் யாரிடம் சொல்வார்? மில் வாசலில் ஏதேனும் அரசு ஜீப் நின்றால், முனுசாமியின் மகனை எண்ணி எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்த மகன் படிப்பை முடித்து வெளிவரும் வரை அந்தப் படபடப்பு நீங்கவில்லை. ஒருவரும் எதையும் சொல்லவில்லை. அந்த மில்லில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்று எண்ணினாலும் வியப்பாக இருக்கிறது.

சாட்சி நேரம்

பூஜையை அடுத்த ஞாயிறு கூரைக் கோயிலில் என் முறை.

அங்கே ஆராதனையின் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தமக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். காய்ச்சல் நீங்கிற்று, மாடு கிடைத்தது, பாம்பு விலகிப் போயிற்று என்பார்கள். ஒவ்வொன்றும் நலமாகவே முடியும். முடிந்ததும் சபையார் ஆண்டவரைப் போற்றி "ஸ்தோத்திரம்" என்பார்கள்.

நான் போய்ச் சேருவதற்குள் எங்கள் செய்தி அங்கே வளர்ந்திருந்தது. கம்பி என் மார்பை நோக்கி வந்து, ஜெபம் கேட்டதும் வளைந்து சென்றதாக உபதேசியார் என்னிடமே விவரித்தார். "இன்று அதைச் சொல்லுங்கள் ஐயா. வெளியார் சிலரும் வந்திருக்கிறார்கள்," என்றார்.

வெளியார் யார் என்று பார்த்தேன். சன்னலுக்கு வெளியே, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி, ஏழுமலை.

நான் எழுந்து வெளியே சென்றேன். "உள்ள வா, ஏழுமலை."

"வாணாம் சார். இங்கியே கீறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." தலையைச் சொறிந்தார். "கம்பிய புடிச்சது நானு. ஒங்க சாமி புடிச்சாருன்னு உள்ள சொல்லிடாதீங்க. ஊரெல்லாம் அப்டித்தான் பேசுது. மாமியார் ஊட்ல கூட கேக்கறாங்க."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்றது எங்களுக்கு வழக்கமில்ல. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்."

அவர் போகவில்லை. சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் ஓசையெழாமல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

சாட்சி நேரம் வந்தது. நான் எழுந்தேன். பாயில் இருந்த முகங்கள் ஒளியோடு என்னை நோக்கின. அவர்களுக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். கேட்போரை ஏமாற்றமடையச் செய்யப்போகிறேன் என்று அறிந்தே வாய் திறந்தது அன்று ஒருமுறைதான்.

"நான் பூசணிக்காய் உடைக்கவில்லை," என்றேன். "கம்பி வந்தது. அதைப் பிடித்தவர் ஏழுமலை. இதோ, சன்னலுக்கு வெளியே நிற்கிறார். முதல் பிடி தவறிற்று. இரண்டாம் பிடியில் பிடித்தார். கம்பி வளைந்து போகவில்லை. ஒன்றும் ஆகாது என்று ஆண்டவர் எனக்குச் சொல்லவும் இல்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றேன். அவ்வளவே."

தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. ஏழுமலை சைக்கிள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்தோத்திரம்" சொல்ல உயர்ந்த உபதேசியாரின் கை பாதியில் நின்றது.  நான் கெடுத்துவிட்டேனோ என்று என் காதுமடல்கள் சுட்டன.

அப்போது முன் பாயிலிருந்து முனுசாமி எழுந்தார். சாட்சி சொல்ல அவர் எழுந்ததை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. தோளில் கிடந்த துண்டை இரு கையாலும் முறுக்கினார்.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு," என்றார். "சொன்னப்பவும் பயம். கதவு தொறந்தப்பவும் பயம். இப்பவும் கீது. புள்ளைய நெனச்சா தூக்கம் வரல. ஆனா சொன்னது சொன்னதுதான். ஸ்தோத்திரம்."

அவர் அமரவில்லை. யாரேனும் ஏதேனும் சொல்வார்கள் என்று காத்திருப்பவர் போல நின்றுகொண்டே இருந்தார்.

சன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"எனக்குந்தான் மாமா. இடுக்கி எடுத்தா கை ஒதறுது."

சபைக்கு வெளியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா, கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உபதேசியார் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்.